ஆபத்துக்குப் பாவமில்லை: எந்த எல்லை வரை?

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது படித்தவரும் படியாதவரும் ஒருபோல எடுத்தாளும் வாக்கு. விரத நாளில் மாத்திரை விழுங்குவதிலிருந்து அவசரத்துக்கு ஒரு பொய் சொல்வது வரை எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கிறது. அது எதுவரை செல்லும், யாருக்குச் செல்லும் என்று கேட்பவர்கள்தான் குறைவு. நம் அற நூல்கள் அந்தக் கேள்வியை மிகக் கவனமாகவே கேட்டிருக்கின்றன. நாம்தான் பதிலை மறந்துவிட்டு வாக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். கேள்வியை வேதாந்த மேடையில் வைத்துப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அதை அந்தமான் தீவில் ஓடும் ஒரு பழைய ஜீப்பின் பின்சக்கரத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தேய்ந்துபோன அச்சைப் பசை போட்டு ஒட்டி ஓட்டலாமா என்பது பட்டறைக் கேள்வியாகத் தோன்றும். அதற்குள் இருப்பது அறக் கேள்விதான்.

மஹிந்திரா நிறுவனம் பல ஆண்டுகள் தயாரித்த சிஜே-3பி ஜீப்பில் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டின் முனை கூம்பு வடிவில் இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஹப் அந்தக் கூம்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மெக்கானிக்குகள் சொல்லும் ‘கீ’. வெளியே ஒரு பெரிய நட்டு, அது கழன்றுவிடாமல் ஒரு ஸ்பிலிட் பின். பார்வைக்குச் சாவிதான் சுமையைத் தாங்குவதுபோல் இருக்கும். உண்மையில் கூம்போடு கூம்பு கவ்வி நிற்கும் பிடிப்புதான் வண்டியை நகர்த்துகிறது. சாவி துணைக்கு நிற்பது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தப் பிடிப்பு போய்விடும். ஹப் ஷாஃப்ட்டின் மேல் மயிரிழை அளவு அசைய ஆரம்பிக்கும். இரும்போடு இரும்பு உரசிச் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோலத் துரு கசியும். பிறகு ஒருநாள், ஏற்றத்தில் கிளட்ச்சை விடும்போது சாவி அறுந்துவிடும். என்ஜின் ஓடும், கியர் விழும், ஷாஃப்ட் சுற்றும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ‘ஸ்லிப் ஆகுது’ என்பார்கள். முறையான வைத்தியம் புது ஷாஃப்ட், புது ஹப், புது சாவி. குறுக்கு வைத்தியம், சுரண்டுபட்ட கூம்பைத் துடைத்து, பட்டறைகளில் பொதுவாக லாக்டைட் என்றே அழைக்கப்படும் பசையில் வீரியமான வகையை ஊற்றி, நட்டை முறுக்கி, ஒரு நாள் காயவிட்டு ஓட்டுவது.

அந்தப் பசையை இழிவாகப் பேச எனக்கு எண்ணமில்லை. அது அருமையான பொருள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-ல் அதை உருவாக்கினார். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை அது திரவம். காற்று புக முடியாத மரை இடுக்கில், இரும்பு அல்லது செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே இறுகிக் கெட்டியாகும். அதனால்தான் அதன் குப்பியை நிரப்பாமல் பாதி வெறுமையாக விற்கிறார்கள்: உள்ளே காற்று இருந்தால்தான் பசை பசையாக இருக்கும். நட்டு ஏன் கழல்கிறது என்பதை 1969-ல் கெர்ஹார்டு யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் இழுவையைவிடப் பக்கவாட்டில் வரும் அதிர்வுதான் மரையின் உராய்வைக் கொல்கிறது. உராய்வு போனதும் நட்டு தானே பின்னோக்கிச் சுற்றுகிறது. பசை மரை இடுக்குகளை நிரப்பி அந்தப் பக்கவாட்டு அசைவை அடைத்துவிடுகிறது. ஃப்ளைவீல் போல்ட்டுக்கும் கிரவுன் வீல் போல்ட்டுக்கும் அதைத் தடவுவது நல்ல வேலைக்கு அடையாளம். நல்ல மரை, சரியான முறுக்கு, அதற்கு மேல் பசை என்றால் அது காவல். தேய்ந்த உலோகம் செய்ய வேண்டிய வேலையைப் பசையையே செய்யச் சொல்லும்போது அது ஆள்மாறாட்டம். என் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

அந்தமானில் இந்தக் கேள்வி ஏன் கூர்மையாகிறது என்றால், அங்கே ஆபத்து கற்பனை இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறினால் மூன்று நாள் ஆகிறது, அதுவும் மாதத்தில் சில தடவைதான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த நகரத்துக்காவது விமானம் இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட கச்சால் தீவுக்கும், தென்கோடியில் இருக்கும் கேம்ப்பெல் பேவுக்கும் அங்கிருந்து இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, நாலாபுறமும் உப்புக் காற்று. இரும்பு அங்கே சீக்கிரம் கிழமாகிறது. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஒரு ஷாஃப்ட் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் யாராவது தேடி எடுத்துக் கப்பலில் ஏற்ற வேண்டும். அதுவரை வண்டி நின்றால் வருமானமும் நிற்கும். இந்த நிலையில் ஒருவர் பசைக் குப்பியை எடுப்பதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பழிப்பது எளிது. நான் பழிக்கப் போவதில்லை. அவருக்கு எவ்வளவு அனுமதி உண்டு என்றுதான் பார்க்கிறேன்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் முதல் அத்தியாயத்தில் உஷஸ்தி சாக்ராயணர் கதை வருகிறது. குரு நாட்டில் பயிர் அழிந்து பஞ்சம். உஷஸ்தி தன் மனைவியோடு யானைக்காரர் ஊரில் வந்து தங்கியிருக்கிறார். ஒருவன் வேகவைத்த பயறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்கிறார். இது என் எச்சில், வேறு இல்லை என்கிறான் அவன். அதையே கொடு என்று வாங்கித் தின்கிறார். இந்தா தண்ணீர் என்று அவன் நீட்டியபோது, எச்சில் தண்ணீர் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். பயறும் எச்சில்தானே என்கிறான். இதைத் தின்னாவிட்டால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். தண்ணீர் எனக்கு விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்கிறார் உஷஸ்தி. மீதியை மனைவிக்குக் கொண்டுபோகிறார். அவளுக்கு அன்று ஏற்கெனவே பிச்சை கிடைத்திருந்ததால் வாங்கி எடுத்துவைக்கிறாள். மறுநாள் விடிந்ததும் அந்தப் பழைய பயற்றையே தின்றுவிட்டு, அரசன் நடத்தும் வேள்விக்குப் போய், வேலையும் ஊதியமும் பெறுகிறார். இந்தக் கதையின் எச்சில் கணக்குக்குப் பின்னால் சாதித் தீட்டு இருக்கிறது. அந்தத் தீட்டை நான் ஏற்கவில்லை. யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் விதியைத் தானே மீறும்போது எந்த இடத்தில் கோடு கிழிக்கிறார் என்பதைப் பாருங்கள். பசியால் சாகும் நிலையிலும் ஒரு வாய்த் தண்ணீருக்கு அவர் விலக்குக் கோரவில்லை.

பிரம்மசூத்திரம் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் இந்தக் கதையை ஆதாரமாக வைத்தே ஒரு விதி சொல்லப்படுகிறது: உயிர் போகும் நிலையில் மட்டுமே எல்லா உணவுக்கும் அனுமதி. சங்கரர் தம் உரையில் பயற்றைத் தின்றதையும் தண்ணீரை மறுத்ததையும் சேர்த்தே எடுத்துக்காட்டுகிறார். ஆபத்துக் கால அறத்தை ஆபத்தில்லாதபோது கைக்கொள்பவனுக்குப் பலனில்லை என்று மனுவின் நூலும் சொல்கிறது. அந்த நூலோடு எனக்குள்ள சண்டைகள் பல, இந்த இடத்தில் சண்டையில்லை. ஆக, ஆபத்துக்குப் பாவமில்லை என்ற வாக்கின் மூலத்திலேயே இரண்டு கட்டுப்பாடு இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது. தேவை தீர்ந்த அன்றே அனுமதியும் தீர்ந்தது. மூன்றாவது ஒன்றும் கதைக்குள் ஒளிந்திருக்கிறது: அந்தப் பயறு உஷஸ்தியை வேள்விச்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பஞ்சம் முடியும்வரை எச்சில் தின்றே காலம் தள்ளலாம் என்று அவர் அந்த ஊரில் தங்கிவிடவில்லை. தீர்வை நோக்கி நடப்பதற்கான தெம்பாக மட்டுமே மீறலைப் பயன்படுத்தினார். கூம்பில் ஊற்றிய பசையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தமானில் ரங்கத் பக்கத்து ஊரொன்றில் நின்றுபோன ஜீப்பை ரங்கத் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அது பயறு. புது ஷாஃப்ட்டுக்குச் சொல்லாமலேயே, ‘பிடிக்குதே, ஓடட்டும்’ என்று விட்ட மறுநாள் அது தண்ணீர்.

இங்கேதான் வள்ளுவர் குறுக்கே நிற்கிறார். வினைத்தூய்மை அதிகாரத்தில், பெற்ற தாய் பசித்திருப்பதைக் காணும் நிலையிலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யக் கூடாது என்கிறார். உஷஸ்தி தன் பசிக்கு மீறினார். வள்ளுவர் தாயின் பசிக்கும் மீறக் கூடாது என்கிறார். இது பெரிய முரண். பரிமேலழகர் இதைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போகவில்லை. முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயவற்றைச் செய்தாவது காப்பாற்று என்பது அறநூல்களின் பொது விதி என்று ஒத்துக்கொள்கிறார். அப்படியிருந்தும் வள்ளுவர் ஏன் மறுத்தார்? அந்த அதிகாரம் அமைச்சருக்குச் சொன்னது. அரச காரியத்துக்கு உரியவராய், பிறர் மதிப்புக்கு உரியவராய் இருக்கும் அமைச்சருக்கு அந்தப் பொது விதி பொருந்தாது என்கிறார். எனக்குத் தெரிந்தவரை இந்தச் சிக்கலில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு நம் உரை மரபில் இல்லை. ஆபத்துக் கால விலக்கு தனி மனிதனுக்கு உண்டு. பிறர் காரியத்தைச் சுமப்பவனுக்கு, அதைச் சுமக்கும் நேரத்தில், இல்லை. அமைச்சருக்குச் சொன்னதை டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் நீட்டுவது என் வேலைதான்; பரிமேலழகர் தலையில் அதை ஏற்றவில்லை. ஆனால் அவர் காட்டும் காரணம் அமைச்சர் பதவியோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போகிறவர் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் குடும்பங்களின் காரியத்தைச் சுமக்கிறார்.

உஷஸ்தியின் மீறலில் நட்டம் வந்தால் அது அவரோடு போயிற்று. ஒட்டிய அச்சில் அப்படி இல்லை என்பதை இயந்திரமே சொல்கிறது. சிஜே-3பி உட்பட, வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்து ஹப் ஷாஃப்ட்டை விட்டுவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பக்கத்து ஷாஃப்ட் வெறுமனே சுற்றிக்கொண்டு போகும். மறுபக்கச் சக்கரமும் பிடியின்றி உருளும். அதாவது ஏற்றத்தில் இழுவை போகும் அதே கணத்தில் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். அந்த நேரத்தில் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு, தாங்கள் ஒரு குப்பிப் பசையை நம்பி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வாகனத்துக்குள் இருப்பவர்களோடும் இது முடிவதில்லை. அந்தமான் டிரங்க் ரோடு ஜிர்க்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டுக்குள் போகிறது. குறித்த நேரத்தில் அணிவகுத்துத்தான் வண்டிகளை விடுவார்கள். நடுவில் நிறுத்தவோ இறங்கவோ கூடாது. அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆணையிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. வெளியாரோடு தொடர்பு ஏற்பட்ட பிறகு 1999-லும் 2006-லும் அந்தச் சிறு இனத்தாரிடையே தட்டம்மை பரவியது. அங்கே ஒரு வண்டி நின்று, ஆட்கள் இறங்கி, இன்னொரு வண்டிக்காகக் காத்திருப்பது வெறும் தாமதமாக இருக்காது. சாலையைக் கேட்டு வாங்காத மக்களின் மேல் நம் சிக்கனத்தின் செலவை எழுதிவிடுவதாகும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது வறுமை. வாடகை வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து என்பது வந்துபோகும் பஞ்சமில்லை, நிரந்தரப் பஞ்சம். அவருக்கு அனுமதி என்றைக்குத் தீரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிரந்தர ஆபத்து என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் விதியே மிச்சமிருக்காது. விலக்கு மட்டும்தான் இருக்கும். அப்படி ஆகும்போது முதலில் அடிபடுவதும் ஏழையே, ஏனென்றால் அந்த ஜீப்பில் ஏறுபவரும் ஏழைதான். வறுமையைக் காரணம் காட்டி ஏழைக்கு மட்டமான பிரேக்கைக் கொடுப்பதை அறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டுநரின் கஷ்டத்துக்கு அவர்களுடைய சங்கமும் நிர்வாகமும் செய்யக்கூடியது உண்டு: அடிக்கடி போகும் சாமான்களைத் தீவிலேயே இருப்பு வைப்பது, வண்டி நிற்கும் நாட்களுக்குக் கைமாற்று ஏற்பாடு செய்வது. அந்தக் கடமையைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு ஒரு குப்பிப் பசை நல்ல சாக்காகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, பசை சில வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் பிடித்திருக்கிறது என்பது. உண்மையாகவே இருக்கலாம். தேய்ந்த பொருத்தங்களுக்கென்றே செய்யப்பட்ட வகைகளில் சில, அரை மில்லிமீட்டர் இடைவெளி வரை நிரப்பித் தாங்கும். ஆனால் அந்தத் தாங்குதல் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்: எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத இரும்பு, முழுதாகக் காய்வதற்கு ஒரு நாள் பொறுமை, அதிக சூடு ஏறாத வேலை. தீவுப் பட்டறையில் மழைக்கால மாலையில், சீல் கசியும் ஹப்பில் இதெல்லாம் வாய்த்ததா என்று பிறகு யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒட்டு உள்ளே இருக்கிறது. வெளியே நட்டும் ஸ்பிலிட் பின்னும் ஒழுங்காகத் தெரிகின்றன. பிடித்ததால் சரி என்பது விளைவை வைத்துச் செயலை நியாயப்படுத்துவது. பிடிக்காமல் போயிருந்தால் அதே செயல் தவறாகியிருக்குமா? செய்த கையில் இருந்தது ஒரே அளவு அறிவும் ஒரே அளவு கவனமும்தானே.

ஒரு நட்டுக்கு உபநிடதம் வேண்டுமா என்று சிரிப்பவரும் இருப்பார்கள். ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் சமூகம் நாம். கருவியைச் சாமியாகக் கும்பிட்டுவிட்டு, அந்தக் கருவியால் செய்யும் வேலைக்கு அறம் பொருந்தாது என்று சொல்ல நமக்கு வழியில்லை.

மறுப்புகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உஷஸ்திக்குப் பஞ்சம் வெளியிலிருந்து வந்தது, அவர் வரவழைக்கவில்லை. ஹப் கழன்றது அப்படியா? செம்பழுப்பு மாவு பல நாள் முன்னாலேயே ஹப்பின் ஓரத்தில் தெரிந்திருக்கும். கிளட்ச்சை விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு அந்த நட்டின் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கிப் புதுப் பின் போடுவது அரை மணி வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, சாவி அறுந்த அன்று ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் அலட்சியத்துக்குச் சாஸ்திரத்தைச் சாட்சிக்கு இழுப்பது. தீவில் இருப்பவருக்கு இந்தக் கடமை கூடுதல். சாமான் வர நாளாகும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே பார்க்க வேண்டியவர். தூரம் அவருடைய அனுமதியைக் கூட்டுவதைவிடப் பொறுப்பைத்தான் கூட்டுகிறது.

பசை போடுவது தவிர்க்க முடியாமல் போனால், போடும் விதத்திலும் அறம் இருக்கிறது. நீல நிற வகை கைக்கருவியாலேயே கழலும். சிவப்பு வகையை எடுக்க ஏறக்குறைய 250 டிகிரி சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் ஆயில் சீலும் பேரிங்கும் கெடலாம். மரைக்கு நீலம் போதுமென்றால் அதற்கு மேல் போகக் கூடாது. கூம்பை ஒட்ட வீரியமானதுதான் வேண்டுமென்றால், அடுத்து அதைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக்குத் தெரியும்படி ஹப்பில் பெயிண்ட் குறி வைக்க வேண்டும். பில்லில் தேதியோடு எழுத வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். உஷஸ்தி எச்சிலை எச்சில் என்று தெரிந்தே, கேட்டவனுக்குக் காரணம் சொல்லியே தின்றார். மறைத்துத் தின்றிருந்தால் அவருக்கு அந்த விலக்கைக் கோரும் தகுதியே இருந்திருக்காது.

ஆகவே என் முடிவு இது. அச்சை ஒட்டிய ஜீப்பை உரிமையாளர் தாமே, தனியாக, பகலில், கிட்டத்திலிருக்கும் பட்டறைவரை ஓட்டிக்கொண்டு போகலாம், அதில் பாவமில்லை. அதில் ஒரு பயணியை ஏற்றினால் பாவம். அதை ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிறுத்தினாலும் பாவம். தீவுகளில் பட்டறை நடத்தும் தமிழ் மெக்கானிக்குகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பசை போட்ட வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, புது ஷாஃப்ட் வரும்வரை இதில் ஆள் ஏற்றாதீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.